ஐம்பது பித்தளைக் கோதுகள்

மொன்றியலில் சட்டப்படி கைத்துவக்கு வைத்திருக்கிற தமிழ்ப் பென்சன்காரர் இரண்டே இரண்டு பேர். ஒருவன் நான்: கிறகரி, பேசாலையில் பிறந்து லாசாலில் ஓய்வுபெற்றவன். மற்றவர் அருமைராசா: ஊரில் தபாலதிபராக இருந்தவர், இப்போது நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறவர். மூன்றாவதாக யாராவது இருந்தால் கையை உயர்த்தலாம். பத்து வருடமாகக் காத்திருக்கிறேன், ஒருவரும் உயர்த்தவில்லை.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவனுக்குத் துவக்குக் கழகத்தில் என்ன வேலை என்று எங்கள் பங்குக் கோவிலில் கேட்காத ஆள் கிடையாது. உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் சேர்ந்தது துவக்குக்காக அல்ல, பித்தளைக்காக. லாசாலில் தண்ணீர்க்குழாய்த் திருகு செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன் நான். அங்கே பித்தளைத் தூளைக்கூடத் தும்புத்தடியால் கூட்டி அள்ளி உருக்குவோம். ஒரு சனிக்கிழமை எங்கள் மேற்பார்வையாளர் வில்லரேயில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சுட்டார். எல்லோரும் இலக்கைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். நிலம் முழுவதும் பித்தளை. முழங்கால் வரை இருந்தது என்று சொன்னால் மிகை. கணுக்கால் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது நாகமும், அதாவது துத்தநாகமும், கலந்த முதல்தரப் பித்தளை, அதை ஒரு மனிதர் குப்பை மாதிரி வாளியில் கூட்டிக்கொண்டிருந்தார். என் நெஞ்சு பதறிவிட்டது. அன்றைக்கே விண்ணப்பத்தாள் கேட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வகுப்பு, இரண்டு சோதனை, ஒரு மூட்டை பத்திரம். விசாரிக்க வந்த பொலிஸ்காரப் பெண் என் மனைவி கிறேஸிடம், உங்கள் கணவர் கோபக்காரரா என்று கேட்டாள். கிறேஸ் யோசித்தாள். யோசித்த நேரத்தில் அந்தப் பெண் பேனையை மூடி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்து முடித்தாள். கடைசியில், "துவக்கு இரும்பலுமாரிக்குள்ள இருந்தாக் காணும், இவர் வெளியில நிண்டா எனக்குப் பயமில்லை" என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது.

அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு தோட்டாவில் நான்கு சாமான். முன்னால் ஈயரவை, உள்ளே மருந்து, அடியில் ஊசி தட்டினால் பொறி கக்குகிற சின்ன மூடி, அதைப் பிரைமர் என்பார்கள். இந்த மூன்றும் ஒரே வெடியில் போய்விடும். நாலாவது, எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கிற பித்தளைக் கோது. அது மட்டும் சாகாது. துவக்கிலிருந்து துள்ளி விழுந்து, நிலத்தில் இரண்டு முறை கிணுகிணுத்து, அடுத்த பிறவிக்குக் காத்துக்கொண்டு கிடக்கும். அதைப் பொறுக்கி, துடைத்து, அச்சில் இறுக்கி, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் மறுபடியும் தோட்டா. நான் சுடுவது நாற்பத்தைந்து ரகம். சாதுவான ரகம், கோதை வதைக்காது. என்னிடம் இருந்த ஒரு கோது முப்பத்தொரு முறை சுடப்பட்டது. கடைசியில் அதுவாகவே பெட்டிக்குள் துள்ளி விழப் பழகிவிட்டது.

ஆனால் எல்லாக் கோதும் அப்படி இல்லை. தேர்ந்தெடுப்பதில்தான் ஆளின் கெட்டித்தனம். முதலில் ஒரு காந்தத்தை வாளிக்குள் விட்டு இழுத்தால் இரும்புக் கோதெல்லாம் கேவலப்பட்டு வெளியே வந்துவிடும். பிறகு அலுமினியம், கையில் எடுத்தவுடனே கனமில்லாமல் காட்டிக்கொடுக்கும். பிறகு கோதின் வாய்க்குள் எட்டிப் பார்க்கவேண்டும்: அடியில் ஒரு துளை என்றால் நம்மவர், இரண்டு துளை என்றால் அச்சு ஊசியை முறிக்க வந்தவர். அடிப்பகுதி வயிறு ஊதியிருந்தால் கூடாது. அடிக்கு மேலே பளிச்சென்று ஒரு வளையம் ஓடியிருந்தால் கூடாது. வாய்விளிம்பில் மயிரளவு பிளவு இருந்தால் கூடவே கூடாது. அந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். ஆறு கோதை உள்ளங்கையில் போட்டு மெல்லக் குலுக்கவேண்டும். நல்லவை கோவில் மணிபோல் கிணுங்கும். பிளந்தது ஒன்று நடுவில் இருந்தால் தடிமன் பிடித்தவன் பாட்டுக்காரருக்குள் நின்றது மாதிரி. என் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு வாளி தாருங்கள். எந்தக் கோது எத்தனை முறை சுடப்பட்டது, சுட்டவருக்கு அன்றைக்குப் பிரஷர் எவ்வளவு என்பது வரை சொல்லுவேன்.

அருமைராசாவுக்கு இதெல்லாம் இளக்காரம். அவர் கடையில் புதுப் பெட்டி வாங்கித்தான் சுடுவார். பெட்டியைத் திறக்கும்போது மாப்பிள்ளைச் சங்கிலிப் பெட்டியைத் திறக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். என்னைப் பார்த்து, "என்ன காணும், இண்டைக்கும் மிச்சச் சோறோ?" என்பார். அவர் இலக்கில் விட்ட ஓட்டைகளைப் பார்த்து, சிதறிய புதுச் சோறு என்பேன் நான். இப்படி ஆறு வருடம் சுகமாகப் போனது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு பல்வைத்தியர் எல்லாவற்றையும் கெடுத்தார். அவரும் பழைய கோதை மறுபடி நிரப்புகிறவர்தான், ஆனால் அகப்பட்டதையெல்லாம் அள்ளுகிற ரகம். வயிறு ஊதிய ஒரு கோதை நிரப்பிச் சுட்டிருக்கிறார், அது துவக்குக்குள்ளேயே வெடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை. கைபிடியின் மரம் பிளந்து, மூக்குக்கண்ணாடி பறந்து, கூரையிலிருந்து தூசு கொட்டியது. சத்தத்தில் ஜோன்-தலோன் மெற்றோவே ஒரு நிமிடம் நின்றது என்று நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் கழகத் தலைவர் ஜில்பேர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், மீசை மட்டும் கொஞ்சம் அதிகம். செயற்குழு கூடிப் பேசியதாம். இனிமேல் மறுபடி நிரப்பிய தோட்டா எதுவும் உள்ளே வரக்கூடாது, எல்லோரும் புதுப் பெட்டிதான் கொண்டுவரவேண்டும் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்களாம். மெஸ்யூ கிறகரி, எனக்கும் வருத்தம்தான் என்றார்.

அவருக்கு வருத்தம், எனக்குச் சீவன் போயிற்று. புதுப் பெட்டி வாங்கினால் என் பென்சனில் நத்தாருக்கு ஒரு முறை, உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு முறை சுடலாம். மற்ற ஐம்பது சனிக்கிழமையும் கிறேஸோடு வீட்டில். கிறேஸும் அதைக் கேட்டுவிட்டு என்னைவிட அதிகமாகக் கலங்கினாள்.

நான் ஜில்பேருக்கு ஒரு வழி சொன்னேன். என் கோதுகளில் ஐம்பதை நிரப்பிக் குழுவுக்கு முன்னால் சுடுகிறேன். சுட்ட ஐம்பதையும் மேசையில் நிறுத்தி நீங்கள் பாருங்கள். ஒன்றில் ஒரு கீறல் வெடித்திருந்தாலும் நான் வாயைப் பொத்திக்கொண்டு போகிறேன். ஐம்பதும் முழுசாக இருந்தால் தடையை மறந்துவிடுங்கள். அவர் மீசையைத் தடவிவிட்டு, செப்டெம்பர் இரண்டாம் சனிக்கிழமை என்றார்.

இனி நான் செய்த வேலையைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விடலாம், ஆனால் எங்கள் பங்கில் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும்.

வழக்கமாக நான் கோதைத் துடைப்பது உலர்முறையில். அக்றூட் கொட்டையின் ஓட்டை நொறுக்கி, சின்ன உருளை ஒன்றில் கோதோடு போட்டு, மோட்டரை ஓடவிட்டால் அழுக்குப் போய்விடும். துவக்குக்கு அது போதும். செயற்குழுவுக்குப் போதாது என்று எனக்குப் பட்டது. கோதுகளைக் கண்டவுடனே கண் கூசவேண்டும். எங்கள் கோவில் பீடத்து மெழுகுதிரிக் கால்களைப் போல மினுங்கவேண்டும். அந்தக் கால்களைத் திருநாளுக்குத் திருநாள் துலக்குகிற குழுவில் கிறேஸ்தான் மூத்தவள். எதனால் துலக்குகிறார்கள் என்பது எந்தத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். புளி.

பெட்டி பெட்டியாகக் கொட்டி என்னிடம் இருந்த கோதுகளில் முந்நூறு தலைசிறந்தவற்றை எடுத்தேன். மிச்சத்தை அன்றைக்கே நாலைந்து பேருக்குக் கொடுத்துவிட்டேன். அரைப் பைக்கற் பழப்புளியை வெந்நீரில் கரைத்து, வாளியில் ஊற்றி, முந்நூறையும் உள்ளே விட்டேன். பதினைந்து நிமிடம் என்று நினைத்திருந்தேன். பத்தாவது நிமிடத்தில் கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. ரொறன்ரோவில் கிறேஸின் பெறாமகளுக்குக் கலியாணம், லாசால் சனம் முழுவதும் ஒரே பஸ்ஸில். கிறேஸ் சேலையோடும் பலகாரப் பெட்டியோடும் வாசலில் நின்று கத்தினாள். ஓடினேன்.

கிங்ஸ்ரன் தாண்டும்போது வாளி ஞாபகம் வந்தது. எந்த மடையனும் அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் பண்ணியிருப்பான். நான் கெட்டிக்காரன், ஆகையால் யோசித்தேன்: பத்து நிமிடத்தில் மினுக்கம் என்றால் மூன்று நாளில் எப்படி மினுங்கும். சந்தோசமாகப் பக்கத்திலிருந்தவரிடம் பருத்தித்துறை வடை வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் வந்து வாளியைத் திறந்தேன். அவ்வளவு அழகான கோதுகளை உலகத்தில் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். எல்லாம் ரோசாப்பூ நிறம். அப்போது பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் மாதிரி.

குழாய்த் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவனுக்கு அந்த நிறம் என்னவென்று தெரியாமல் இருக்குமா. பித்தளையிலிருந்து நாகத்தைப் புளி தின்றுவிட்டது. செம்பு மட்டும் பஞ்சுபோல நிற்கிறது. இப்படிச் சிவந்த குழாய்களை நானே என் கையால் ஆயிரக்கணக்கில் கழித்திருக்கிறேன். ஆனாலும் நம்ப மனமில்லாமல் ஒரு கோதின் வாயைக் குறட்டால் நெருக்கினேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இன்னொன்று. அதுவும் அப்பளம். பத்தாவதோடு நிறுத்தினேன்.

கிறேஸ் வந்து வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெழுகுதிரிக் காலை ஆரப்பா மூண்டு நாள் ஊறப்போட்டது? அஞ்சு நிமிசம் தேச்சுக் கழுவிறதெல்லோ. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

குறைந்திருக்கும் என்பதால்தான் கேட்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

முந்நூறையும் பழைய உலோகக்காரனிடம் போட்டேன். சனிக்கிழமைக்கு ஐந்து நாள். கழகத்துக்குப் போன் பண்ணினேன். கூட்டிச் சேர்த்த கோது வாளியைத் தடைப் பேச்சு வந்தவுடனேயே யாரோ விற்றுவிட்டார்களாம். கொடுத்தவர்களிடம் திருப்பிக் கேட்டால், அவர்கள் எல்லாம் நிரப்பிச் சுட்டு எங்கேயோ தொலைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து ரகம் சுடுகிற இன்னொரு ஆள், அதுவும் ஒருமுறை மட்டுமே சுட்ட கன்னிக் கோது வைத்திருக்கக்கூடியவர், இந்த உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அவர் சுட்டு முடிந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமையும் குனிந்து தன் கோதுகளைப் பொறுக்கிப் பையில் போடுவதைக் கண்டிருக்கிறேன். என்னத்துக்கு என்று கேட்டதற்கு, இடத்தைத் துப்புரவாக வைத்திருக்கிறேன், குப்பையில் போடத்தான் என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை பின்னேரம் பஸ் ஏறி அருமைராசா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி. வாங்கோ அண்ணை என்று கதிரையைக் காட்டினார். கோது விசயமாக வந்தேன் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் அந்த மனுசியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எந்த மெழுகுதிரிக் காலிலும் கண்டதில்லை.

"அண்ணை, உங்களை ஆண்டவன்தான் அனுப்பினது. எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போங்கோ. பிஸ்கற் ரின் பதினாலு. கட்டிலுக்குக் கீழ கால் வைக்க இடமில்லை."

அருமைராசா உள்ளறையிலிருந்து வந்தார். ஆள் ஒரு நிமிடம் எங்களுடைய முகங்களைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தார். மிச்சச் சோறு என்று ஆறு வருடம் என்னை நக்கலடித்த மனிதர் ஆறு வருடமாக ஒரு பருக்கையும் விடாமல் வீட்டில் சேர்த்து வைத்திருக்கிறார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் மழை வந்தால் நோகும்.

"பித்தளையை எறிய மனம் வருமோ காணும்" என்றார் மெல்ல. பிறகு அவருக்குள் இருந்த தபாலதிபர் எழும்பி நின்றார். "அதிருக்கட்டும். உம்மட அரண்மனைக் கோது எங்க போச்சு?"

சொல்லவேண்டியதாய்ப் போயிற்று. புளியிலிருந்து கிங்ஸ்ரன் வழியாக ரோசாப்பூ வரை எல்லாம் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை வடையில் நிறுத்தி, வடை எப்படி இருந்தது என்று கேட்டார். நல்ல வடை என்றேன். அதோடு அவர் மனம் குளிர்ந்துவிட்டது.

"எடும் காணும். ஆனா சனிக்கிழமை ஆரும் கேட்டா அருமைராசான்ர கோது எண்டு சொல்லவேணும்."

"ஓம். அருமைராசான்ர கோது, கிறகரி தெரிஞ்செடுத்தது."

"தெரிஞ்செடுக்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் ஒருக்காச் சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு அள்ளும்."

கண்ணை மூடிக்கொண்டு அள்ளுகிறவனா நான். கூடத்தில் பழைய படுக்கை விரிப்பை விரித்து ரின்களைக் கொட்டினோம். ஜெகதீஸ்வரி ஒரு சுளகைக் கொண்டுவந்து, அரிசிக்குக் கல் பொறுக்குகிற கையால் தானும் தொடங்கினார். சொன்னால் என் மானம் போகும், ஆனாலும் சொல்கிறேன்: முதல் அரை மணித்தியாலத்தில் நான் நல்லது என்று வைத்த ஒன்றை அவர் எடுத்து, அண்ணை இதின்ர வாய் சப்பை என்று திருப்பித் தந்தார். சப்பைதான். அருமைராசா பொறுக்கும்போது சில வேளை சப்பாத்தால் மிதித்துவிடுவாராம்.

ஒரு ரின்னைத் திறந்ததும் எனக்கு மூக்கில் ஏதோ உறைத்தது. கோதுகளில் அங்கங்கே மங்கலான நீலக் கறை. இந்த ரின் எங்கே இருந்தது என்று கேட்டேன். குசினியில் சிங்குக்குக் கீழே, கண்ணாடி துடைக்கிற மருந்துப் போத்தலுக்குப் பக்கத்தில் என்றார் ஜெகதீஸ்வரி. மூடி ஒழுகுகிற போத்தல். நான் அந்த ரின்னை அப்படியே மூடி ஒதுக்கி வைத்தேன். அந்த மருந்தில் அமோனியா இருக்கிறது. அதன் ஆவி பட்ட பித்தளை வெளியில் சிரித்துக்கொண்டு உள்ளே வெடித்துக்கொண்டு போகும். குழாய்க்காரனுக்கு அது அரிச்சுவடி.

அருமைராசாவுக்கு அது பொறுக்கவில்லை. சிங்குக்குக் கீழே வைத்தது அவர்தான். புளியில் மூன்று நாள் ஊறவைத்த மனிதர் எனக்குப் பித்தளை படிப்பிக்கிறார் என்று மனைவிக்குக் கேட்கும்படி சொன்னார். அந்த ரின்னில் இருப்பதுதான் ஆகப் புதுசு, போன பங்குனியில் சுட்டது என்றார். போன பங்குனியில் ஞானஸ்நானம் எடுத்ததாக இருந்தாலும் வேண்டாம் என்றேன் நான். ஜெகதீஸ்வரி தேத்தண்ணீர் ஊற்றப் போனார். நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்து, தெரிந்தெடுத்து வைத்த ஐம்பதையும் எண்ணிச் சரிபார்த்து, பையில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஐம்பதையும் உலர்முறையில் துடைத்து நிரப்பினேன். வழக்கமாக நிரப்புமுன் இன்னொருமுறை கையில் போட்டுக் குலுக்கவேண்டும். நான் குலுக்கவில்லை. கிறகரி ஒருமுறை தெரிந்தெடுத்த கோதைக் கிறகரியே சந்தேகப்படுவதா.

சனிக்கிழமை காலை கழகத்தில் சனம் நிறைந்திருந்தது. நானூறு பேர் என்று கிறேஸுக்குச் சொன்னேன்; பதினேழு பேர். செயற்குழுவில் ஐந்து பேர், ஜில்பேர் உட்பட. பல்வைத்தியரும் ஒரு மூலையில் தலைகுனிந்து நின்றார். அருமைராசா பின்வரிசையில், கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு.

சுட்டேன். ஐந்து ஐந்தாகப் பத்துத் தடவை. எனக்கு இலக்கைப் பற்றிய கவலையே இல்லாததால் என் வாழ்நாளில் ஆகச் சிறந்த சுடுகை அன்றைக்குத்தான் வந்தது. ஐம்பதில் நாற்பத்தெட்டு கறுப்பு வட்டத்துக்குள். யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். முதன்முறையாக அந்தக் கழகமே என்னைப் போல நிலத்தைப் பார்த்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐம்பது கோதையும் பொறுக்கி, நீளமேசையில் பத்துப் பத்தாக ஐந்து வரிசை நிறுத்தினார்கள். செயற்குழு குனிந்தது. ஜில்பேர் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, சுற்றிப் பார்த்து, மீசைக்குக் கிட்டப் பிடித்து, வைத்தார். முதலாம் வரிசை. இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசையில் ஏழாவதை எடுத்தார், பார்த்தார், வைத்தார். ஐந்தும் முடிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, மற்ற நாலு பேரையும் பார்த்தார். நாலு பேரும் தலையாட்டினார்கள். யாரோ பிரவோ என்றார்கள்.

மூன்றாம் வரிசையில் ஏழாவது பிளந்திருந்தது.

நான் நின்ற இடத்திலிருந்தே கண்டுவிட்டேன். வாயிலிருந்து கீழே மயிரளவு கோடு, புகைக் கரிக்குள் ஒளித்துக்கொண்டு. ஐந்து பேர், பத்துக் கண், மூன்று சோடிக் கண்ணாடி, ஒருவருக்கும் தெரியவில்லை. நான் செய்யவேண்டியது ஒன்றுதான்: மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு ஐம்பதையும் பையில் வாரிக்கொள்வது. சனிக்கிழமைகள் எல்லாம் என்னுடையவை.

அதற்குப் பிறகு நடந்ததை நேர்மை என்று கிறேஸ் பங்குச் சுவாமியிடம் சொல்லியிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே உண்மையைச் சொல்கிறேன்: அவர்களுக்கு அது தெரியவில்லை என்பதை என்னால் தாங்கமுடியவில்லை. இவ்வளவு வடிவான பிளவு. அதை ஒரு பஸ் சாரதி முத்தமிடுகிற தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நான் கண்டதை ஒருவரும் அறியாமல் போவதா. என் கை தானாகப் போய் அதை எடுத்தது. பக்கத்தில் நின்ற ஐந்தோடு சேர்த்து உள்ளங்கையில் போட்டு ஜில்பேரின் காதருகே குலுக்கினேன். பிறகு அதை மட்டும் எடுத்துவிட்டு மற்ற ஐந்தையும் குலுக்கினேன். அவருக்கு வித்தியாசம் கேட்டது, மீசை இறங்கியது. நகத்தால் அந்தக் கோட்டை வருடிக் காட்டினேன். செயற்குழு மறுபடியும் மேசையில் குனிந்தது. ஒன்று வெடித்தாலும் போய்விடுகிறேன் என்று சொன்னவன் நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஜில்பேர் மிகவும் மெதுவாக, மெஸ்யூ கிறகரி, நாங்கள் ஒரு பேச்சுப் பேசினோம் அல்லவா என்று ஆரம்பித்தார்.

"பொறுங்கோ."

பின்வரிசையிலிருந்து தமிழில் வந்தது. அருமைராசா மேசைக்கு வந்தார். தபால் கந்தோரில் தந்தி வாசித்துக் காட்டுகிற முகம். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"கிறகரி, அது சிங்குக்குக் கீழ இருந்தது. நீர் கை கழுவப் போன நேரம் நான்தான் மாத்தி வைச்சனான். என்ர ரின் நல்ல ரின் எண்டு காட்டவேணும் போல இருந்தது. பேந்து சுட்டு முடிய உமக்குச் சொல்லிச் சிரிக்கலாம் எண்டு நினைச்சன்."

கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் ஒரு கோது. "இதுதான் நீர் தெரிஞ்செடுத்து வைச்சது. அதுக்குப் பதிலா மற்றதை வைச்சனான்."

நான் பதில் சொல்லத் தொடங்கியிருந்தால் இன்றைக்கும் முடித்திருக்கமாட்டேன்.

அவர் திரும்பி, தன் பிரெஞ்சில், செயற்குழுவுக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய பிரெஞ்சு நடக்கும்போது ஒரு காலை இழுக்கும், ஆனால் அன்றைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. இந்த மனிதர் அந்த ரின்னைத் திறந்தவுடனேயே வேண்டாம் என்று மூடிவிட்டார், ஒரு கோதுகூட எடுக்கவில்லை, நான்தான் அவர் சொல்லைக் கேட்கவில்லை, வெடித்த ஒன்று நான் திணித்த ஒன்று என்றார். பதினேழு பேருக்கு முன்னால் ஒரு தபாலதிபர் அப்படிச் சொல்வது லேசான காரியமல்ல. காது இரண்டும் சிவந்து போயிருந்தன, என் முந்நூறு கோதைவிட.

செயற்குழு மூலைக்குப் போய்க் குசுகுசுத்தது. பல்வைத்தியர் என்னிடம் வந்து, அந்தச் சத்தத்தை இன்னொருமுறை கேட்கலாமா என்றார். குலுக்கிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பல்லைத் தட்டிப் பார்க்கும்போது வருகிற சத்தம்தான் இது, எனக்கு ஏன் இவ்வளவு நாளும் தோன்றவில்லை என்றார்.

ஜில்பேர் திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னார். தடை இல்லை. ஆனால் இனிமேல் யார் கோதை நிரப்பினாலும், நிரப்புவதற்கு முன்னால் இங்கே கொண்டுவந்து மெஸ்யூ கிறகரி பார்த்து ஒப்புக்கொண்ட கோதை மட்டுமே நிரப்பலாம். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, மெஸ்யூ கிறகரி இந்த ஐம்பதை இரண்டாம் முறை பார்க்கவில்லை என்பது செயற்குழுவுக்கு விளங்குகிறது என்றார். ஆகையால் இரண்டாவது ஆள் ஒருவர் அவர் பார்த்ததைத் திரும்பவும் பார்க்கவேண்டும். கோதை மாற்றி வைப்பது எப்படி என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்த வேலைக்குப் பொருத்தம் என்று ஏகமனதாக முடிவாகியிருக்கிறது.

அருமைராசா கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். நியமனம் எழுத்தில் வருமா என்று கேட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு நானும் அவரும் அந்த நீளமேசையில் எதிரெதிரே உட்காருகிறோம். நான் பார்த்துத் தள்ளுவேன், அவர் இரண்டாம் முறை பார்ப்பார். முதல் சனிக்கிழமை வாளியோடு வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றவர் ஜில்பேர். தலைவருடைய வாளி. இருநூறு கோது. கழகமே பார்த்துக்கொண்டிருந்தது.

அறுபத்தொன்றைக் கழித்தேன். அருமைராசா இரண்டாம் முறை பார்த்து அறுபத்திரண்டாக்கினார்.

"உமக்கு வயசாகுது காணும்" என்று அந்த ஒன்றை எனக்கு முன்னால் வைத்தார்.

எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.